இரண்டாவது தொன்னை

அடி அண்ணாமலை,
ஜூலை 26.

அன்பு நாத்தனார் செல்விக்கு, அண்ணி ரேணுகாம்பாள் எழுதறேன்.

அண்ணாமலையார் புண்ணியத்துல நானும் உங்க அண்ணனும் நல்லா இருக்கோம். நீ வேளைக்குச் சாப்பிடறியா, தலைக்கு எண்ணெய் வெக்கறியா, அதை முதல்ல எழுது. போன தடவை வந்தப்ப உன் முடியைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துடுச்சு. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தப்ப உனக்கு ஒன்பது வயசு. அன்னையிலேர்ந்து அந்தத் தலையைச் சீவினவ நான்தானே!

போன் இருக்கறப்ப எதுக்கும்மா கடுதாசினு போஸ்ட்மேனே கேக்கறாரு. என்ன பண்றது? போன்ல பேசினா உங்க அண்ணன் ஸ்பீக்கர்ல போட்டுக்கினு பக்கத்துலயே உக்காந்துக்கறாரு. நான் ஒண்ணு சொன்னா அவரு ரெண்டு திருத்தறாரு. ஒரு பொம்பளை நாத்தனார்கிட்ட மனசு விட்டுப் பேசக் கூடாதா? அதுக்குத்தான் இந்தப் பேப்பரு.

கொல்லையில மல்லாட்டை, அதான் உங்க மெட்ராஸ்காரங்க வேர்க்கடலைன்றது, விதைச்சோம். விதைக்கு மருந்து கலந்து வெச்ச மறுநாளே மழை பிடிச்சிக்கிச்சு, நாலு நாள் விடல. ஏரிக்கரைத் துண்டுல தண்ணி நின்னுடுச்சு. மேல்துண்டு மட்டும்தான் விதைக்க முடிஞ்சுது. உங்க அண்ணன் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கினு இருக்காரு.

உன் வேலை பர்மனென்ட் ஆன சேதி கேட்டதுலேர்ந்து எனக்குக் கால் தரையில பாவல. மூணு வருஷமா ஒரு வேண்டுதல் வெச்சிருந்தேன். என்னானு கேக்காத. முடிக்கறதுக்கு முன்ன வாயத் திறந்து சொல்லக் கூடாது, எங்கம்மா வீட்டுப் பழக்கம். முடிச்சிட்டுச் சொல்றேன்.

ஒரு சந்தேகம். மருந்து பட்ட சாமானை எப்படிக் கழுவினா மருந்து போவும்? ஊரே உன்னை விஷம் படிச்ச பொண்ணுனு பேசுது. உன்னைக் கேக்காம நான் யாரைக் கேப்பேன்?

உடம்பைப் பார்த்துக்கோ.
உன் அண்ணி,
ரேணுகாம்பாள்.


சென்னை,
ஆகஸ்ட் 4.

அன்புள்ள அண்ணிக்கு,

எண்ணெய் வெச்சுக்கிட்டேதான் இதை எழுதறேன். தாள்ல கறை இருந்தா அதுதான் சாட்சி. அண்ணனுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு? உங்களுக்கு சுகர் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு? ரெண்டுக்கும் பதில் வரணும்.

"விஷம் படிச்ச பொண்ணு"னு ஊர்ல சொல்றது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இங்க தடயவியல் லேப்ல வேலை நீங்க நினைக்கற மாதிரி பயங்கரம் இல்ல. சீல் வெச்ச பாட்டில் வரும். மேல குற்ற எண்ணும் ஊர்ப் பேரும் இருக்கும். செத்தது யாரு, நல்லவரா கெட்டவரா, எதுவும் எங்களுக்குத் தேவை இல்ல. உள்ள விஷம் இருக்கா? இருந்தா எது, எவ்வளவு? அதை மட்டும் சொல்லணும். நாங்க எழுதற ஒரு வரியில ஒருத்தர் ஜெயிலுக்குப் போவாங்க, இன்னொருத்தர் வெளிய வருவாங்க. அதனால ஒரு வரிக்கு நாலு தடவை சோதிப்போம்.

நீங்க கேட்டது சின்ன விஷயம். புளியைக் கரைச்சு ஊத்தி கால் மணி நேரம் ஊற வெச்சுடுங்க. அப்புறம் நல்ல தண்ணியில மூணு தடவை அலசிட்டு வெயில்ல காய வெச்சா போதும். மருந்தெல்லாம் ஓடிப் போயிடும். பயப்படாம சாப்பிடலாம். ஹாஸ்டல்ல எல்லாருக்கும் நான் சொல்றது இதுதான்.

வேண்டுதலை மட்டும் சீக்கிரம் முடிங்க. எனக்கு மண்டை குடையுது.

உங்கள் செல்வி.


அடி அண்ணாமலை,
ஆகஸ்ட் 14.

அன்பு செல்விக்கு,

அண்ணனுக்கு முழங்கால் தேவல. எனக்கு சுகர் கம்மிதான், உன் மிரட்டலுக்கு பயந்து டவுனுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன்.

நீ சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன். புளி ரெண்டு கை ஜாஸ்தியாவே கரைச்சேன். மூணு தண்ணி சொன்ன, நான் அஞ்சு தண்ணி அலசினேன். மொட்டை மாடி நெறைய பரப்பி நாலு நாள் காய வெச்சேன். உங்க அண்ணன் "அதைத் தூக்கி எங்கனா கொட்டு"னு சொன்னாரு. சாப்பிடற பொருளை மண்ணுல கொட்ட எனக்கு மனசு வரல. "படிச்ச பொண்ணு உன் தங்கச்சி, அவளே எழுதியிருக்கா, பாரு"னு உன் லெட்டரைக் காட்டினேன். வாயை மூடிக்கினாரு.

வர்ற பௌர்ணமியோட வேண்டுதல் முடியுது. அடுத்த லெட்டர்ல எல்லாத்தையும் சொல்றேன், மண்டையைக் குடைஞ்சுக்காத.

உன் அண்ணி,
ரேணுகாம்பாள்.


அடி அண்ணாமலை,
ஆகஸ்ட் 22.

செல்வி,

நலம் விசாரிக்கக் கை வரல. நாங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம். நாங்க சாப்பிடல.

டிவியில பார்த்திருப்ப. பௌர்ணமி அன்னிக்கு கிரிவலப் பாதையில நம்ம ஊர்ப் பந்தல்ல மல்லாட்டை சுண்டல் குடுத்தாங்க. எப்பவும் போல ஊர்ல ஏழெட்டு வீட்டுக்காரங்க ஆளுக்குக் கொஞ்சம் மல்லாட்டை கொண்டாந்து ஒரே குவியலா கொட்டிக் கலந்தாங்க. நம்ம தெருக்கோடி மணியம்மாதான் அண்டாவுல வேக வெச்சா. அவ புருஷன் முருகையன் அடுப்புக்கு விறகு தள்ளினாரு. பொழுது சாயறதுக்குள்ள ஐந்நூறு தொன்னை போயிடுச்சு.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்லுவேன்! பாதையில நடந்துக்கினு இருந்தவங்க அங்கங்க உக்காந்து வாந்தி எடுக்க ஆரம்பிச்சாங்க. வேர்த்துக் கொட்டுது, வாயில எச்சில் நிக்காம ஒழுவுது. ஆம்புலன்ஸ் மேல ஆம்புலன்ஸ். அம்பத்தெட்டு பேரு பெரியாஸ்பத்திரியில. ரெண்டு பேரு போயிட்டாங்க. ஒண்ணு ஆந்திராவுலேர்ந்து வந்த ஒரு அம்மா. இன்னொண்ணு நம்ம முருகையன்.

சொன்னா நம்ப மாட்ட, போலீசு மணியம்மாவை இட்டுக்கினு போயிடுச்சு. புருஷன் பொணம் இன்னும் வீட்டுக்கு வரல, அதுக்குள்ள இவளை ஜீப்புல ஏத்தறாங்க! ஏன்னா அவ சுண்டலைத் தொடலையாம். பௌர்ணமி விரதம்டி அவளுக்கு. வருஷக் கணக்கா இருக்கற விரதம். "எல்லாருக்கும் போட்டுட்டு நீ மட்டும் ஏன் துன்னல"னு கேக்கறாங்க. போன வாரம் பந்தல் தலைவர் அப்பாசாமியோட வாய்ச்சண்டை போட்டா இல்ல, அதையும் சேர்த்துக்கினாங்க. எலி மருந்து கலந்துட்டானு ஊரே பேசுது.

வேற எதையும் இப்ப எழுத முடியாது.

ரேணுகாம்பாள்.


சென்னை,
ஆகஸ்ட் 28.

அன்புள்ள அண்ணிக்கு,

முருகையன் அண்ணனா? என்னைப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்ல உக்கார வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போன முருகையன் அண்ணனா? நீங்களும் அண்ணனும் சாப்பிடலன்ற ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

அண்ணி, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த கேஸ் எங்க பிரிவுக்குத்தான் வந்திருக்கு, என் மேசைக்கே. "இது உன் ஊராச்சே, உறவுக்காரங்க யாராவது இதுல சம்பந்தப்பட்டிருக்காங்களா?"னு எங்க அதிகாரி கேட்டாரு. இல்லைனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். இனிமே இதைப் பத்தி என்னைக் கேட்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது.

மணியம்மா அக்கா புருஷனைக் கொன்னிருப்பாங்கனு எனக்குத் தோணல. ஆனா எனக்குத் தோணறது எல்லாம் கணக்குல வராது. பாட்டில்ல என்ன இருக்கோ அதைத்தான் எழுதுவேன்.

தைரியமா இருங்க. ராவும் பகலும் அதையே நினைச்சு உடம்பைக் கெடுத்துக்காதீங்க.

செல்வி.


அடி அண்ணாமலை,
செப்டம்பர் 5.

அன்பு செல்விக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்ல, மனசுதான் சரி இல்ல. நீ எப்படி இருக்க?

மணியம்மாவை வேலூர் ஜெயில்ல வெச்சிருக்காங்க. கருமாதிக்குக் கூட விடல. அவ பொண்ணு கவிநிலா காலேஜை விட்டுட்டு வந்து தனியா வீட்டுல கிடக்கு. நான் ஒரு சட்டி குழம்பு எடுத்துக்கினு போனேன். கதவைத் திறக்கவே யோசிச்சுது. தெருவுல யாரும் அந்த வீட்டுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்கறதில்ல. பாவம்டி. "எங்கம்மா பண்ணலைனு நீங்களாவது நம்பறீங்களா அத்தை?"னு கேட்டுது. நான் பொத்தாம்பொதுவா "எல்லாம் நல்லதா நடக்கும்மா"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

உன்கிட்ட உண்மையைச் சொல்றதுக்கென்ன, எனக்கும் சந்தேகம்தான். அவளுக்கு வாய் ஜாஸ்தி. கோவம் வந்தா முன்ன பின்ன பார்க்க மாட்டா. அவ இல்லைனா வேற யாரு? உப்புல இருந்துதா, மஞ்சத்தூள்ல இருந்துதா? மல்லாட்டையில ஒண்ணும் இருக்காது, எல்லாம் நம்ம ஊர்க்காரங்க வீட்டுது.

நீ எதையும் சொல்ல வேணாம். எப்ப தெரியும்னு மட்டும் சொல்லு.

ரேணுகாம்பாள்.


சென்னை,
செப்டம்பர் 21.

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம்தானே? நான் சாப்பிட்டு, தூங்கி, வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்கேன்.

சட்டப்படி இதை எழுதக் கூடாது. ஆனா ஒரு நிரபராதி உள்ள கிடக்கறாங்கனு தெரிஞ்சப்புறம் என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல. நீங்க படிச்சிட்டு மனசுக்குள்ளயே வெச்சுக்கோங்க.

எலி மருந்து இல்ல அண்ணி. உப்பும் இல்ல, மஞ்சத்தூளும் இல்ல. போலீசார் வேக வெக்காத மிச்ச மல்லாட்டையையும் மூட்டையோட அனுப்பியிருந்தாங்க. ஒவ்வொரு பருப்பா பிரிச்சுப் பார்த்தேன். நாலுல ஒரு பருப்புல வேர்ப்புழுவுக்குப் போடற விதை மருந்து இருக்கு. தோல்ல மட்டும் இல்ல, உள்ளயே இருக்கு. மல்லாட்டை எண்ணெய்ப் பருப்பாச்சே, மருந்து கலந்து வாரக்கணக்குல வெச்சா உள்ள இழுத்துக்கும். அதுக்கப்புறம் எத்தனை தண்ணி ஊத்தினாலும், வேக வெச்சாலும் அத்தனையும் போவாது. யாரோ விதைக்கு வெச்சிருந்ததைக் கொண்டாந்து கொட்டியிருக்காங்க. அந்த மருந்தோட சிவப்புச் சாயம் மல்லாட்டைத் தோல் நிறத்தோட நிறமா போனதால ஒருத்தர் கண்ணுக்கும் படல.

இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. அந்தப் பருப்புத் தோல்ல புளி இருக்கு. அண்டாவுல போடறதுக்கு முன்னாடியே யாரோ புளித்தண்ணியில கழுவி, மருந்து வாசனையைப் போக்கி, காய வெச்சிருக்காங்க. மறைக்கணும்னே பண்ணது! எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தா இப்படிப் பண்ணத் தோணும்? நான் எத்தனையோ கேஸ் பார்த்திருக்கேன், இப்படி உக்காந்து அலசி அலசிக் கொலை பண்ணவங்களைப் பார்த்ததில்ல. அந்தப் பாவி கையில விலங்கு மாட்டறதைப் பார்க்காம எனக்கு ஆறாது.

நம்ம ஊர்ல யார் வீட்டுல மருந்து கலந்த விதை மிச்சம் இருந்துச்சு? உங்களுக்குத் தெரியாம ஊர்ல ஒரு துரும்பு அசையாது. நைசா விசாரிச்சு எழுதுங்க. உங்க கையால மணியம்மா அக்கா வெளிய வரட்டும்.

செல்வி.


சென்னை,
அக்டோபர் 9.

அன்புள்ள அண்ணிக்கு,

என் லெட்டர் வந்துச்சா இல்லையா? போன் பண்ணா அண்ணன் எடுத்து, "அவளுக்குக் காய்ச்சல், படுத்திருக்கா"னு சொல்றாரு. மூணு தடவை இதே பதில். காய்ச்சல்னா என்ன காய்ச்சல்? ரத்தம் எடுத்துப் பார்த்தீங்களா? நான் வரட்டுமா?

ரிப்போர்ட் முடிஞ்சு கையெழுத்துக்கு என் மேசையில இருக்கு. உங்ககிட்டேர்ந்து ஒரு பேர் வந்துட்டா போலீசுக்கு வேலை சுலபமாகும்னு ரெண்டு நாள் பார்க்கறேன்.

உடனே பதில் போடுங்க.

செல்வி.


அடி அண்ணாமலை,
அக்டோபர் 15.

செல்வி,

எனக்குக் காய்ச்சல் இல்ல. உன் லெட்டர் வந்துச்சு. இருபது நாளா அதைத் தலகாணிக்குக் கீழ வெச்சுக்கினு படுத்திருக்கேன்.

நான்தான்டி.

உனக்கு வேலை பர்மனென்ட் ஆனா பௌர்ணமிப் பந்தலுக்கு நம்ம வீட்டு மல்லாட்டை ஒரு மூட்டை போடறதா வேண்டியிருந்தேன். அதுதான் வேண்டுதல். ஏரிக்கரைத் துண்டு விதைக்காம போச்சு இல்ல, அதுக்குனு மருந்து கலந்தது அப்படியே மிச்சம். நல்ல மல்லாட்டை கைவசம் அரை மூட்டைதான் இருந்துது. உன்னைக் கேட்டேன். கழுவினா போயிடும், பயப்படாம சாப்பிடலாம்னு எழுதின. அஞ்சு தண்ணி அலசினேன்டி! ஒவ்வொரு தண்ணிக்கும் உன் பேரைச் சொல்லிக் கும்பிட்டுக்கினே அலசினேன். வேண்டுதல் போட்ட வீடு அதைத் தொடக்கூடாதுனு எங்க அம்மா வீட்டுப் பழக்கம், அதனால ஒரு பருப்பு கூட வாயில போட்டுப் பார்க்கல. போட்டிருந்தா நானாவது போயிருப்பேன், மத்தவங்க தப்பிச்சிருப்பாங்க.

செத்தவங்க சேதி வந்த அன்னைக்கு எனக்கு இது தோணவே இல்ல. சாமி சத்தியமா சொல்றேன். நீ சொல்லிக் கழுவினது சுத்தமாயிடுச்சுனு அவ்வளவு நம்பிக்கை. உன் லெட்டர்ல புளினு படிச்சப்பதான் அது நம்ம வீட்டு மல்லாட்டைனு விளங்கிச்சு. மணியம்மாவை நானும் சந்தேகப்பட்டேனே! அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்து மழுப்பினேனே!

உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அவரு ஆடிப் போயிட்டாரு. "செல்விகிட்டச் சொல்லு, அந்த ரிப்போர்ட்டுல விதைன்ற ஒரு வார்த்தையை எடுத்துடச் சொல்லு, மணியம்மாவுக்கு நாம நல்ல வக்கீல் வெக்கலாம்"னு அழறாரு. அவரை நான் இப்படி அழுது பார்த்ததில்ல. அவரு சொன்னதை எழுதிட்டேன். நீ எடுப்பியா மாட்டியானு எனக்குத் தெரியல. எடுக்கணும்னு ஆசையா இருக்கு, எடுத்துட்டா என்னாவேன்னு பயமாவும் இருக்கு.

நீ சொன்ன பாவி நான்தான்.

ரேணுகாம்பாள்.


சென்னை,
அக்டோபர் 21.

அண்ணி,

எப்படி இருக்கீங்கனு கேக்கற தகுதி எனக்கு இல்ல.

பாவினு எழுதின கையை வெட்டிக்கலாம் போல இருக்கு. நீங்க "மருந்து பட்ட சாமான்"னுதான் எழுதினீங்க. பூச்சி மருந்து அடிச்ச கத்திரிக்காய்னு நானே நினைச்சுக்கிட்டேன். என்ன சாமான், என்ன மருந்து, எத்தனை நாளாச்சுனு ஒரு வார்த்தை கேட்டேனா? ஆபீஸ்ல இதே கேள்வியை யாராவது கொண்டு வந்தா மூணு ஃபாரம் நிரப்பச் சொல்லுவேன். நம்ம அண்ணிதானேனு நினைச்சு, தலையில எண்ணெய் சொட்டச் சொட்ட ரெண்டு வரி கிறுக்கிட்டேன். மொட்டை மாடி நெறைய காய வெச்சேன்னு நீங்க எழுதினதைப் படிச்சு, இந்த அண்ணி இத்தனை கத்திரிக்காயை என்ன பண்ணுவாங்கனு சிரிச்சேன் அண்ணி. பௌர்ணமிக்கு இன்னும் மூணு நாள் இருந்துச்சு. ஒரு போன் பண்ணியிருந்தா போதும்.

விதைன்ற வார்த்தையை நான் எடுக்கல. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. அதை எடுத்தா மணியம்மா அக்கா ஆயுசுக்கும் உள்ள கிடப்பாங்க, கவிநிலா தெருவுல நிக்கும். அதைப் பார்த்துக்கிட்டு நீங்களும் சோறு தின்ன மாட்டீங்க, நானும் மாட்டேன்.

நேத்து உங்க லெட்டரையும், ஆகஸ்ட்ல நீங்க எழுதினதையும் எங்க அதிகாரி மேசையில வெச்சேன். உறவு யாரும் இல்லைனு நான் குடுத்த கடுதாசி தப்புனும் எழுதிக் குடுத்தேன். கேஸ் விஷயத்தை உங்களுக்கு எழுதினதையும் ஒத்துக்கிட்டேன். படிச்சு முடிச்சிட்டு அவரு எல்லாத்தையும் கேஸ் ஃபைலோட சேர்த்துக் கட்டினாரு. எல்லா சாம்பிளையும் வேற ஒருத்தர் முதல்லேர்ந்து சோதிக்கப் போறாங்க. விடை மாறாது.

அவங்க வந்து கூப்பிடறதுக்கு முன்னாடி நீங்களே ஸ்டேஷனுக்குப் போயிடுங்க. அண்ணனைக் கூட இட்டுக்கிட்டுப் போங்க. கையோட என்னோட ஆகஸ்ட் 4 லெட்டரை எடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு என் மேல இருக்கற பாசத்துல அதைக் கிழிக்கத் தோணும், எனக்குத் தெரியும். கிழிக்காதீங்க. நீங்க மறைக்கறதுக்காகக் கழுவலைனு சொல்ல அந்த ஒரு தாள்தான் இருக்கு.

செல்வி.


அடி அண்ணாமலை,
நவம்பர் 19.

அன்பு செல்விக்கு,

நான் ஜாமீன்ல வீட்டுலதான் இருக்கேன். வாரம் ஒரு தடவை ஸ்டேஷன்ல கையெழுத்து. அஜாக்கிரதையா உசுர் போகக் காரணம்னு கேஸ் எழுதியிருக்காங்க. நீ சொன்னபடி உன் லெட்டரைக் குடுத்துட்டேன். குடுக்கறப்ப என் கையிலேர்ந்து அது வரவே இல்ல, இன்ஸ்பெக்டர் பிடுங்கற மாதிரிதான் வாங்கினாரு. உன் வேலை என்னாச்சு? அதை மறைக்காம எழுது.

தெருவுல என்கிட்ட யாரும் பேசறதில்ல. தீபத்துக்குப் பந்தல் கால் நட்டாங்க, அப்பாசாமி என் பக்கம் திரும்பல. அது சரிதான், நான் அதுக்கு அழல.

மணியம்மாவை விட்டுட்டாங்க. வந்த அன்னைக்கே போவணும்னு நினைச்சேன், கால் வரல. நேத்துதான் போனேன். செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கணும்னு மனசைத் திடம் பண்ணிக்கினு வாசல்ல நின்னேன். ஆளு பாதியாயிட்டா செல்வி. அடிக்கல, திட்டல. "உள்ள வா ரேணு"னு கூப்பிட்டா. முருகையன் போட்டோவுக்குக் கீழ என்னை உக்கார வெச்சா. மன்னிப்பு கேக்கப் போனவ குலுங்கிக் குலுங்கி அழறேன். அவ கண்ணுல ஒரு சொட்டு இல்ல.

கொஞ்ச நேரம் கழிச்சு அவளே பேசினா. "உன் நாத்தனாரு பெரிய படிப்பு படிச்சவ. நான் கேக்கறேன்னு அவளை ஒண்ணு கேட்டுச் சொல்லு. அன்னைக்கு இந்த ஆளு ஒரு தொன்னை துன்னுட்டு, இன்னொண்ணு போடுன்னு வந்து நின்னாரு. ஜனங்களுக்கு வேணும், போய்யானு விரட்டினேன். நீதான் விரதமாச்சே, உன் பங்கையும் சேர்த்துப் போடக் கூடாதானு பல்லைக் காட்டிக்கினு நின்னாரு. சரினு குமிச்சுப் போட்டேன். ஜெயில்ல இத்தனை நாளும் இதேதான் ஓடுது ரேணு. ஒண்ணோட நின்னிருந்தா ஆளு பொழைச்சிருப்பாரா?"

செல்வியைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன். வாசல் வரைக்கும் வந்து, "சீக்கிரம் கேளு"னு சொன்னா.

பதில் போடு.

உன் அண்ணி,
ரேணுகாம்பாள்.


சென்னை,
நவம்பர் 27.

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க பயப்படற மாதிரி ஒண்ணும் ஆகல. என்னை நஞ்சுப் பிரிவுலேர்ந்து எடுத்துட்டு, விசாரணை முடியற வரைக்கும் பழைய ஃபைல் அடுக்கற ரூமுல போட்டிருக்காங்க. வேலை இருக்குமா போகுமானு தை மாசத்துக்குள்ள தெரியும். போனா வந்து உங்களோட கொல்லையில களை பறிக்கறேன். சுகர் மாத்திரையை நிறுத்தாதீங்க. அண்ணனைத் தனியா உக்காந்து யோசிக்க விடாதீங்க.

மணியம்மா அக்கா கேட்டதுக்கு வரேன்.

சாம்பிள் இப்ப என் கையில இல்ல. ஆனா எண்கள் எல்லாம் தலைக்குள்ள இருக்கு. ஒரு தொன்னையில எத்தனை பருப்பு பிடிக்கும், அதுல மருந்துப் பருப்பு எத்தனை இருந்திருக்கும், வேக வெச்சப்புறம் எவ்வளவு மிஞ்சியிருக்கும், முருகையன் அண்ணன் உடம்பு எடை என்னா, எல்லாத்தையும் வெச்சுக் கணக்குப் போட்டேன். உங்க லெட்டர் வந்து ஆறு நாளாச்சு. ஆறு நாளும் இதுதான் வேலை. நாலு தடவை போட்டேன், நாலு தடவையும் ஒரே விடைதான் வந்துச்சு. அந்த விடையை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அண்ணனுக்கும் சொல்ல மாட்டேன்.

நீங்க அக்கா வீட்டுக்குப் போயி, அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, முகத்தைப் பார்த்து இப்படிச் சொல்லுங்க. முதல் தொன்னையிலயே எல்லாம் முடிஞ்சு போச்சாம். ரெண்டாவது தொன்னையால ஒண்ணும் கூடலையாம். நீ போட்டிருந்தாலும் போடாட்டியும் அதே கதிதானாம். செல்வி நாலு தடவை சோதிச்சுப் பார்த்துத்தான் எழுதியிருக்கா. இதைச் சொல்றப்ப உங்க குரல் தடுமாறக் கூடாது. போறதுக்கு முன்னாடி வீட்டுலயே ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கோங்க.

கவிநிலா கேட்டாலும் இதே பதில்தான்.

அண்ணி, இந்த லெட்டரை மட்டும் படிச்சதும் அடுப்புல போட்டுடுங்க.

உங்கள் செல்வி.